மழைக்கு அஞ்சும் துவக்கு வில்லை எப்படி வென்றது?

மட்டக்களப்பில், புளியந்தீவின் வாவியோரம் நிற்கும் கோட்டையை 1628இல் எழுப்பியவர் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா. (இன்று கண்ணில் படும் சுவரில் பெரும்பகுதி பின்னால் வந்த ஒல்லாந்தர் திருத்திக் கட்டியது.) இரண்டு ஆண்டு கழித்து, 1630 ஆகஸ்டில், வெல்லவாயவை அண்டிய ரந்தெனிவெலவில் அவர் கண்டிப் படையிடம் அகப்பட்டு மாண்டார். அவரோடு போன லஸ்கரின் படையினரில் (போர்த்துக்கேயருக்காகப் போரிட்ட உள்நாட்டுச் சிப்பாய்கள்) பெரும்பாலானோர் கண்டிப் பக்கம் மாறிவிட்டது முதற் காரணம். மழை அடுத்த காரணம். வெடிமருந்து நனைந்தால், அதைப் பற்றவைக்கும் திரி அணைந்தால், துவக்கு என்பது வெறும் இரும்புக் குழாய். அதைத் தடியாகத்தான் சுழற்றலாம்.

அந்த ஒரு நாளை வைத்துப் பார்த்தால் வில்லைக் கைவிட்டவன் முட்டாள் என்றே தோன்றும். ஆனால் அதற்குப் பிறகும் இந்தத் தீவில் எந்தப் படையும் துவக்கைப் போட்டுவிட்டு வில்லுக்குத் திரும்பவில்லை. கண்டி அரசனே வில்லாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலும் மேலும் துவக்குத்தான் தேடினான். 1638 மார்ச்சில் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படை ஒன்று அழிந்தது. அதே ஆண்டு மே 18இல் மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தருக்கும் இரண்டாம் இராசசிங்கனுக்கும் பணிந்தது. ஐந்து நாள் கழித்து அரசனும் ஒல்லாந்தரும் இங்கேயே உடன்படிக்கை செய்துகொண்டார்கள். மழைக்கு அஞ்சும் ஓர் ஆயுதத்துக்கு ஏன் இவ்வளவு கிராக்கி இருந்தது?

வில்லின் பக்கத்து நியாயத்தை முதலில் கேட்டுவிடுவோம். அது பலமான நியாயம். தேர்ந்த வில்லாளி ஒரு நிமிடத்தில் ஆறு முதல் பத்து அம்பு வரை விடுவான். திரித்துவக்குக்காரன் நிமிடத்துக்கு ஒரு வெடி வைத்தால் போதும், இரண்டு வைத்தால் கெட்டிக்காரன். ஔரங்கசீப்பின் காலத்தில் முகலாயர் அவையில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, துவக்குக்காரன் இரண்டு தரம் சுடுமுன் குதிரைவீரன் ஆறு அம்பு விட்டுவிடுவான் என்று எழுதினார். குறியிலும் வில் பின்தங்கவில்லை. அக்காலத் துவக்கின் குழல் உள்ளே வழுவழுப்பானது, ஈயக்குண்டு குழலைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சிறியது. அப்படிச் சிறிதாக இருந்தால்தான் கசடு படிந்த குழலுக்குள் அதை இறக்க முடியும். வெடித்ததும் குண்டு குழலின் சுவரில் முட்டி முட்டி வெளியே வரும். கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ அதற்கேற்பச் சுழன்று விலகும். நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒற்றை ஆளைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டம். அம்புக்குப் புகை கிடையாது, சத்தம் கிடையாது, விழுந்ததைப் பொறுக்கி மறுபடி விடலாம்.

இங்கிலாந்தில் 1590இல் சர் ஜோன் ஸ்மைத் என்ற பழைய போர்வீரர் இதே வாதங்களை அடுக்கி வில்லுக்காக வழக்காடினார். அவர் சொன்ன குறைகளில் அனேகம் உண்மை. ஆனாலும் 1595இல் அந்நாட்டு அரச மன்றம், பயிற்சிப் படைகளில் வில்லாளரை இனிக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உத்தரவிட்டது. ஸ்மைத் ஆயுதத்தை ஆயுதத்தோடு ஒப்பிட்டார். அரசுக்கு இருந்த கேள்வி வேறு: வருகிற பருவத்தில் ஆயிரம் பேரைத் திரட்ட வேண்டும், எவர் கையில் எதைக் கொடுப்பது?

இதற்கு விடை தேட, ஒவ்வொன்றும் எவ்வளவு விசையோடு அடிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கனமான போர் அம்பு 90 கிராம், வேகம் வினாடிக்கு 54 மீட்டர் என்று வைத்தால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 130 ஜூல். 38 கிராம் ஈயக்குண்டு வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் 3,000 ஜூல். இருபது மடங்குக்கும் மேல். உருண்டைக் குண்டு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். நூறு மீட்டர் போகுமுன் பாதி வேகம் போய்விடலாம், பாதி வேகம் என்றால் கால்வாசி ஆற்றல். அப்போதும் அது அம்பைவிடப் பல மடங்கு பலமாக அடிக்கிறது. ஐரோப்பாவில் இரும்புக் கவசத்துக்கு இது பதில் சொன்னது. இலங்கையில் கவசம் அணிந்தவர் குறைவு, ஆகவே அந்தக் காரணம் இங்கே பாதிதான் பொருந்தும். இங்கே கணக்கில் வந்தவை கேடயமும் மரவேலியும் புதரும். சிறு கிளை பட்டாலே அம்பு திசை மாறிவிடும். ஈயக்குண்டு அவ்வளவு எளிதில் விலகாது.

அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயத்தின் மையம். வில்லில் இருக்கும் ஒவ்வொரு ஜூலும் வில்லாளியின் முதுகிலிருந்தும் தோளிலிருந்தும் வந்தது. 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி றோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலில் 137 முழு விற்களும் 3,500க்கு மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. அந்த விற்களை முழுதாக இழுக்க 45 முதல் 80 கிலோவுக்கு மேலான இழுவிசை தேவை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஓர் ஈரநெல் மூட்டையைத் தூக்கும் பலத்தை மூன்று விரல் வழியாகச் செலுத்தி, மூச்சு வாங்காமல் நிமிடத்துக்கு ஆறு தரம் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள்பட்டை எலும்பின் முனை ஒட்டாமலே இருந்தது. சிறுவயதிலிருந்து கனத்த வில் இழுத்ததன் தடம் என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். இங்கிலாந்தில் 1363இல் அரசனே ஆணையிட்டு, விடுமுறை நாட்களில் ஆண்கள் வில் பயில வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதன் காரணம் இதுதான். பத்து வருடம் பயிலாத ஆளிடம் அந்த வில்லைக் கொடுத்தால் காது வரை இழுக்கவே வராது.

பயின்ற ஆளுக்கும் ஒரு கேடு உண்டு. போர் என்பது பெரும்பாலும் நடையும் பட்டினியும் வயிற்றோட்டமும். மூன்று கிழமை காட்டு வழியில் நடந்து, காய்ச்சலோடு, அரைவயிற்றுக் கஞ்சியோடு வந்த வில்லாளி தன் வில்லைப் பாதிதான் இழுப்பான். அம்பும் பாதி பலத்தோடுதான் போகும். துவக்குக்காரனுக்கும் அதே காய்ச்சல் வரும், அதே கை நடுங்கும், குறியும் தவறும். ஆனால் அவன் சுட்ட குண்டு பட்டால் முதல் நாள் பட்ட அதே வேகத்தில்தான் படும். மருந்துக்குக் காய்ச்சல் வராது. கிழக்கின் காடுகளிலும் ஊவாவிலும் போரிட்ட படைகளில் நோயால் விழுந்தவர் தொகையை நினைத்தால் இது சின்ன விஷயமல்ல.

ஆள் இழப்பிலும் இதே கணக்குத்தான். 1571இல் லெப்பாந்தோ கடற்போரில் துருக்கியர் தோற்றார்கள். கப்பல்களை அடுத்த ஆண்டுக்குள் கட்டிவிட்டார்கள். கப்பலோடு போன தேர்ந்த வில்லாளரை அப்படிக் கட்ட முடியவில்லை. ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

சரி, துவக்கு எப்படி வேலை செய்தது? படுவான்கரைப் பக்கம் இடியன் துவக்கைக் கண்டவர்களுக்கு அடிப்படை புரியும்: வாய் வழியாக மருந்தும் சன்னமும் இறக்கி, கம்பியால் இடித்து வெடிக்க வைப்பது. பதினாறாம் நூற்றாண்டுத் திரித்துவக்கில் பற்றவைக்கும் முறைதான் வேறு. குழலின் அடிப்பக்கத்தில், பக்கவாட்டில், ஊசித்துளை ஒன்று. அதன் வெளியே மூடியோடு கூடிய சிறு கிண்ணம். வளைந்த இரும்புக் கொக்கி ஒன்று எரியும் திரியைக் கவ்விப் பிடித்திருக்கும். விசையை அழுத்தினால் கொக்கி கீழே சாய்ந்து திரியின் நெருப்பு முனையைக் கிண்ணத்து மருந்தில் தொடவைக்கும். அந்தச் சுவாலை ஊசித்துளை வழியாக உள்ளே போய்ப் பெருமருந்தைக் கொளுத்தும். திரி என்பது வெடியுப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த கயிறு. பெட்டிக்கடையில் பீடி பற்றவைக்கத் தொங்கும் கயிறு கனல்வது போலவே சுவாலை இல்லாமல் மெல்லக் கனலும்.

சுடுவதற்கு முதல் வேலை, கனலும் திரியைக் கொக்கியிலிருந்து கழற்றி இடக்கை விரல்களுக்கிடையே பிடித்துக்கொள்வது. இதைத் தவறவிட்டவர்கள் வெந்துபோனார்கள். பிறகு கிண்ணத்தில் நுண்மருந்து இட்டு, மூடி, மிச்சத்தை ஊதித் தள்ள வேண்டும். துவக்கை நிமிர்த்தி, அளந்து வைத்த மருந்துக் குப்பி ஒன்றை வாயில் கொட்டி, குண்டை இட்டு, இடிகோலை உருவி அடிவரை இறக்கி, கோலைத் திரும்பச் செருக வேண்டும். அதன்பின் திரியைக் கொக்கியில் மாட்டி, சாம்பலை ஊதி, மூடியைத் திறந்து, சுட வேண்டும். 1607இல் ஒல்லாந்தில் வெளியான பயிற்சிப் படப்புத்தகம் இதை 43 அசைவுகளாகப் பிரித்துக் காட்டுகிறது. கனத்த துவக்கைத் தாங்க முட்கவர்க் கோல் ஒன்றும் தேவை, அதையும் அதே கையில் சமாளிக்க வேண்டும்.

பிழை நேரக்கூடிய இடங்கள் ஏராளம். ஊசித்துளை கசடால் அடைபட்டால் கிண்ணத்து மருந்து மட்டும் குப்பென்று எரிந்துவிட்டுப் போகும். சத்தத்துக்கு நடுவில் தன் துவக்கு வெடிக்கவில்லை என்பதைக் கவனியாத சிப்பாய் அதற்குமேல் இன்னொரு மருந்தும் குண்டும் இறக்குவான். அடுத்த தரம் குழல் பிளக்கலாம். குண்டு மருந்தின்மேல் நன்றாக உட்காராமல் இடைவெளி விட்டு நின்றாலும் அதே ஆபத்து. இடிகோல் மரத்தாலானது, அவசரத்தில் முறியும். எல்லாவற்றிலும் பயங்கரம், ஒருவன் தோளில் தொங்கும் மருந்துக் குப்பிகளில் பக்கத்தில் நிற்பவனின் திரிப்பொறி விழுவது.

கரிமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திண்மமாகவே நிற்கும். ஒரு பகுதி புகையாகப் போகும், மீதி குழலில் படியும். அந்தக் கசடு ஈரத்தை இழுக்கும் உப்புகளால் ஆனது. கடற்காற்று வீசும் கல்முனை, மட்டக்களப்புக் கரையில் ஒரு துவக்கைச் சுட்டுவிட்டுக் கழுவாமல் ஓரிரவு வைத்தாலே காலையில் உள்ளே துரு தொடங்கியிருக்கும். வெந்நீர் ஊற்றி, துணி சுற்றிய கோலால் தேய்த்து, காயவைத்து, எண்ணெய் பூச வேண்டும். மருந்தின் கதையும் அதுதான். வெடியுப்பு நன்றாகச் சுத்திகரிக்கப்படாமல் கறியுப்பும் வேறு உப்புகளும் கலந்திருந்தால் மாரிக்காலத்தில் மூடிய பீப்பாய்க்குள்ளேயே கட்டிபட்டுப் போகும். ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டில் மாவு போன்ற மருந்தை நனைத்துப் பிசைந்து, காயவைத்து, குருணையாக உடைக்கப் பழகினார்கள். குருணை ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும், வண்டியில் ஆடும்போது கரியும் கந்தகமும் உப்பும் தனித்தனியாகப் பிரியாது, மணிகளுக்கிடையே காற்று இருப்பதால் ஒரேயடியாக எரியும். துவக்கு நம்பத்தக்க ஆயுதமானதில் குழலைவிட இந்தக் குருணைக்குப் பங்கு அதிகம் என்றே சொல்லலாம்.

மழை வில்லை விட்டுவைத்தது என்றும் இல்லை. துருக்கியரும் முகலாயரும் கையாண்ட வில், மரத்தோடு கொம்பும் தசைநாரும் பசையால் ஒட்டிச் செய்தது. நம் மாரியின் ஈரத்தில் அந்தப் பசை தளரும். இங்கே தனிமர வில் வழங்கியதில் வியப்பில்லை. அதற்கும் நாண் நனைந்தால் விசை குறையும். ஆனால் குறையும், அவ்வளவுதான். மழை வந்தால் துவக்கு ஒன்றுக்குமே உதவாது.

துவக்குப் பழகுவது சுலபம், அதனால்தான் வென்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. மேலே சொன்ன வேலைகளை எதிரி முன்னால், கையில் நெருப்போடு, ஆயிரம் பேர் நெருங்கி நின்று செய்ய நல்ல பயிற்சி வேண்டும். வேறுபாடு எங்கே என்றால், இந்தப் பயிற்சி கைப்பழக்கம்; வில்லுக்கு வேண்டியது உடலை வளர்த்தெடுப்பது. கைப்பழக்கத்தைக் கட்டளை போட்டு, எண்ணிக்கை சொல்லி, சில மாதங்களில் எந்த விவசாயிக்கும் ஏற்றிவிடலாம். மெதுவாகச் சுடும் குறையையும் கட்டளையே தீர்த்தது. 1594இல் நாசோவைச் சேர்ந்த வில்லெம் லோடெவெய்க் தன் உறவினரும் ஒல்லாந்தப் படைத்தலைவருமான மொரித்சுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு வரிசை சுட்டுவிட்டுப் பின்னே போய் மருந்து இறக்க, அடுத்த வரிசை முன்வந்து சுடும் முறையை வரைந்து காட்டினார். குறி தவறும் ஆயுதம் நூறு ஒன்றாக வெடித்தால் எதிரே நெருங்கி நிற்கும் கூட்டத்தில் எங்காவது படத்தான் செய்யும்.

கோட்டைக்கும் துவக்குக்கும் உள்ள உறவைத் தனியே சொல்ல வேண்டும். வில்லாளி முழு உடம்பையும் நிமிர்த்தி நின்றால்தான் இழுக்க முடியும். துவக்குக்காரன் சுவருக்குப் பின்னால் குனிந்து மருந்து இறக்கி, துளை வழியாகக் குழலை மட்டும் நீட்டிச் சுடலாம். மருந்தும் திரியும் கூரைக்குக் கீழே காய்ந்திருக்கும், சமைத்த சோறும் பக்கத்தில் இருக்கும். ரந்தெனிவெலவில் கெட்டவை எல்லாம் புளியந்தீவில் கெடாது. சிறு கோட்டை ஒன்றில் கொஞ்சப் பேர் பெருங்கூட்டத்தைத் தடுத்து வைத்திருக்க முடிந்தது இதனால்தான். அதை உடைக்க 1638இல் கப்பலிலிருந்து பீரங்கி இறக்க வேண்டியிருந்தது.

கோட்டை சுடும் இடம் மட்டுமல்ல, களஞ்சியமும்கூட. வில்லாளியின் பலம் அவனோடு நடந்து வரும்; துவக்கின் பலம் பீப்பாயில் வர வேண்டும். கண்டி இராச்சியத்துக்கு இரும்பு இருந்தது, நல்ல கொல்லரும் இருந்தார்கள். 1505இல் போர்த்துக்கேயர் வந்து நூறு வருடத்துக்குள் சிங்களக் கொல்லர் செய்த துவக்குகளைப் போர்த்துக்கேயரே மெச்சினார்கள். விசைப்பொறி குழலின் இடப்பக்கம் இருப்பது அவற்றின் தனி அடையாளம். கால்களின்மேல் நிறுத்திச் சுடும் கொடித்துவக்கு என்ற சிறு பீரங்கியும் செய்தார்கள். இரண்டு ஆள் மலைமேல் தூக்கிக்கொண்டு ஏறலாம். வெடியுப்பும் கிடைத்தது: வௌவால் குகைகளின் மண்ணை வெட்டி, விறகுச் சாம்பலோடு கலந்து, தண்ணீர் விட்டு வடித்து, காய்ச்சிப் படிகமாக்கினார்கள். கரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் கந்தகம் தீவில் கிடையாது, ஈயத்துக்கும் கடல்தான் வழி. ஒரு பீப்பாய் மருந்தில் கந்தகம் சிறு பங்குதான், அந்தச் சிறு பங்கு துறைமுகத்தைத் தாண்டி வர வேண்டும்.

போர்த்துக்கேயர் 1624இல் திருகோணமலையிலும் 1628இல் மட்டக்களப்பிலும் கோட்டை போட்டதை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். மேற்குக் கரை ஏற்கெனவே அவர்கள் கையில். மலைநாட்டுக்குக் கடல்வழி கிழக்கில்தான் எஞ்சியிருந்தது. 1602இல் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வன் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கித்தான் கண்டிக்குப் போய் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். அந்த வாசலை அடைக்கவே வாவியில் கோட்டை. அம்பால் போரிடும் அரசனை அப்படி அடைத்துப் பெரிய பயன் இல்லை. துவக்கு, ஆயுதத்தோடு சேர்த்து ஒரு வியாபாரப் பாதையையும் போரின் பகுதியாக்கிவிட்டது. பாதையையும் களஞ்சியத்தையும் காக்கத் தெரிந்த அரசுகளுக்கு அது இசைவாக இருந்தது.

அம்புக்கும் இரும்பு முனை வேண்டுமே என்று கேட்கலாம். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டியில் நெடுங்காலம் சிறையிருந்த ரொபேட் நொக்ஸ் எழுதி வைத்த செய்தி இது: வேடர் இரவில் கொல்லன் பட்டறைக்கு வந்து, இறைச்சித் துண்டோடு, தமக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவில் வெட்டிய இலையையும் தொங்கவிட்டுப் போவார்கள், கொல்லன் செய்து வைத்தால் மறுபடி இறைச்சி வரும். ஒரு துண்டு இரும்பு, ஒரு கொல்லன், இவ்வளவோடு அம்பின் தேவை முடிந்தது. மீதி காட்டிலேயே உண்டு. வேட்டைக்கு வில் நீடித்ததும் இதனால்தான். அம்பு தவறினாலும் மான்கூட்டம் கலையாது, சுட்ட இடம் தெரியாது. குதிரைமேலிருந்து 43 அசைவுகளைச் செய்ய முடியாததால் முகலாயக் குதிரைப்படையும் நெடுநாள் வில்லை விடவில்லை. சீனத்தில் மஞ்சு அரசு பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை வில்லாளரைத் தேர்வு வைத்தே எடுத்தது.

திரியை நீக்கி, கல்லில் இரும்பு உரசிப் பொறி எழுப்பும் துவக்கு பதினேழாம் நூற்றாண்டில் பரவியது. இரவில் கனலும் திரிமுனைகள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் தொல்லை தீர்ந்தது. மழைத் தொல்லை தீரவில்லை. 1776இல் அமெரிக்கப் போர் தொடங்கியிருந்த வேளையில் பெஞ்சமின் பிராங்ளின் தளபதி சார்ல்ஸ் லீக்குக் கடிதம் எழுதி, வில்லைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னார். ஒரு குண்டு போகும் நேரத்தில் நாலு அம்பு போகும், புகை கண்ணை மறைக்காது, துவக்கைவிட வில் எங்கும் சுலபமாகக் கிடைக்கும் என்பவை அவர் காட்டிய காரணங்கள். ஒன்றும் பொய்யில்லை. வில் கிடைக்கும்தான், அதை இழுக்கும் தோள்கள் பல தலைமுறைக்கு முன்பே இல்லாமல் போயிருந்தன.

மழையை உண்மையில் வென்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் செப்புத் தொப்பி: உள்ளே அடித்தால் வெடிக்கும் மருந்து வைத்த சிறு செப்பு மூடி. 1834இல் பிரித்தானிய இராணுவம் வூலிச்சில் சோதித்துப் பார்த்தது. தொப்பி வைத்த துவக்குகள் 6,000 தரத்தில் 36 தரம் பொய்த்தன. அதே 6,000 தரத்தில் கல் துவக்குகள் பொய்த்தது 922 தரம், ஏறத்தாழ ஆறரைக்கு ஒன்று. நெப்போலியனைத் தோற்கடித்த படையின் கையில் இருந்தவை அந்தக் கல் துவக்குகள்தான்.